தொழிற்பேட்டைக்கு வரும் குழாய் எரிவாயு: ஆலைக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

எண்ணூரில் 2019-இல் எல்என்ஜி எனப்படும் திரவ இயற்கை எரிவாயு முனையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து, தமிழகத்தின் தொழிற்பேட்டைகள் ஒவ்வொன்றாக இயற்கை எரிவாயுக் குழாயோடு இணைக்கப்பட்டு வருகின்றன. நிலக்கரியும் ஃபர்னஸ் ஆயில் என்னும் கனத்த உலை எண்ணெயும் எரியும் பாய்லர்களை இதற்கு மாற்றினால் கார்பன் உமிழ்வு பாதியாகிவிடும் என்று எரிவாயு விற்பவர் சொல்கிறார். இதுவும் நிலத்தடியிலிருந்து எடுக்கும் புதைபடிவ எரிபொருள்தானே என்று சூழலியலாளர் கேட்கிறார். இரண்டிலும் உண்மை இருக்கிறது; எது எவ்வளவு உண்மை என்பது ஆலைக்கு ஆலை மாறும். அந்தக் கணக்கை ஆலை நடத்துபவரே போட்டுப் பார்ப்பதற்கு உதவியாகக் கீழ்க்கண்ட கேள்விகளும் பதில்களும் எழுதப்பட்டுள்ளன.

குழாயில் வரும் எரிவாயுவும் சிலிண்டரில் வரும் எரிவாயுவும் ஒன்றா?

இல்லை. சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பிலும் எரிவாயுப் பிரிப்பிலும் கிடைப்பது. குழாயில் வருவது பெரும்பகுதி மீத்தேன். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும். மீத்தேன் காற்றின் எடையில் ஏறக்குறைய பாதிதான் என்பதால் மேலே எழுந்து போய்விடும். ஒரு கன மீட்டர் எல்பிஜி ஆவியில் உள்ள வெப்பம், ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவில் உள்ளதைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். ஆகையால் எல்பிஜிக்குப் பொருத்திய பர்னரில் குழாயை அப்படியே மாற்றிச் செருக முடியாது. முனையின் துளை அளவையும் காற்று அளவையும் மாற்றியாக வேண்டும்.

இந்த எரிவாயு எங்கிருந்து வருகிறது? இப்போது எதுவரை வந்திருக்கிறது?

இரண்டு ஊற்றுகள் இருக்கின்றன. ஒன்று, காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி எடுக்கும் உள்நாட்டு எரிவாயு. திருமாக்கோட்டை, குத்தாலம், வழுதூர் மின் நிலையங்கள் இதை நம்பியே அமைக்கப்பட்டவை. ஆனால் அளவு குறைவு. புதிய தொழிற்பேட்டைகளுக்கெல்லாம் அது போதாது. மற்றொன்று, கத்தார் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வரும் எல்என்ஜி. மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கும்போது எரிவாயு திரவமாகி, கன அளவில் அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதைக் காமராஜர் துறைமுகத்தில் உள்ள முனையத்தில் இறக்கி, மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் செலுத்துகிறார்கள். இந்தியாவின் கிழக்குக் கரையில் அமைந்த முதல் எல்என்ஜி முனையம் இதுதான். ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் கொண்டது.

முனையம் மட்டும் இருந்தால் ஒன்றும் நடக்காது என்பதற்குக் கொச்சியே சாட்சி. அங்கே இதே திறனுள்ள முனையம் 2013-இல் தயாராகியும், வெளியே கொண்டுபோகக் குழாய் இல்லாததால் பல ஆண்டுகள் பெரும்பாலும் சும்மா கிடந்தது. எண்ணூரிலிருந்து திருவள்ளூர், பெங்களூரு, புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை திட்டமிடப்பட்ட இந்தியன் ஆயிலின் குழாய் பகுதி பகுதியாகவே முடிக்கப்பட்டது. ராமநாதபுரம்–தூத்துக்குடி இடையிலான 143 கிலோமீட்டர் 2021 பிப்ரவரியிலும், எண்ணூர்–செங்கல்பட்டுப் பகுதியும் திருவள்ளூர்–பெங்களூருப் பகுதியும் 2022 மே மாதத்திலும், செங்கல்பட்டிலிருந்து சாயல்குடி வரையிலான 488 கிலோமீட்டர் 2024 ஜனவரியிலும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. கோவைக்கு எரிவாயு வருவது எண்ணூரிலிருந்து அல்ல, கொச்சிப் பக்கத்திலிருந்து வாளையார் வழியாக. கிருஷ்ணகிரியிலிருந்து கோவை வரையிலான மத்திய அரசு நிறுவனமான கெயிலின் 323 கிலோமீட்டர் குழாய்க்கு 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

பெருங்குழாயிலிருந்து ஆலை வாசல்வரை கொண்டுவருவது வேறு நிறுவனத்தின் வேலை. பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் நாட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு நிறுவனத்துக்கு ஒதுக்குகிறது. சென்னை, திருவள்ளூர்ப் பகுதி டோரண்ட் கேஸிடமும், கோவையும் சேலமும் இந்தியன் ஆயிலிடமும் உள்ளன. நாளொன்றுக்கு 50,000 கன மீட்டர் வரை தேவைப்படும் ஆலை அந்தப் பகுதி நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். ஒரு லட்சத்தைத் தாண்டினால் பெருங்குழாயிலிருந்து நேரடியாகப் பெறலாம். இடைப்பட்டவர்களுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது.

கார்பன் உமிழ்வு உண்மையில் எவ்வளவு குறையும்?

இதற்கு ஒரே விடை கிடையாது. எதை விட்டு மாறுகிறீர்கள் என்பதே முதல் கேள்வி. ஐபிசிசி என்னும் பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் பொது மதிப்புகளின்படி, ஒரு கிகா ஜூல் வெப்பம் பெற எரிக்கும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு நிலக்கரியில் சுமார் 95 கிலோ, பழுப்பு நிலக்கரியான லிக்னைட்டில் 101, ஃபர்னஸ் ஆயிலில் 77, டீசலில் 74, எல்பிஜியில் 63, இயற்கை எரிவாயுவில் 56. இவை எரிபொருளின் வெப்பத்துக்கான கணக்கு. பாய்லரின் செயல்திறனையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் விரியும்.

ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். மணிக்குச் சராசரியாக 2 டன் நீராவி, நாளுக்கு 16 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள். ஆக ஆண்டுக்கு 9,600 டன் நீராவி. வெதுவெதுப்பான தண்ணீரைச் சாதாரண வேலை அழுத்தத்தில் ஒரு டன் நீராவியாக்க ஏறத்தாழ 2.5 கிகா ஜூல் வேண்டும். 75 விழுக்காடு செயல்திறனில் ஓடும் நிலக்கரி பாய்லர் ஒரு டன் நீராவிக்கு 320 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடும். 84 விழுக்காட்டில் ஓடும் ஃபர்னஸ் ஆயில் பாய்லர் சுமார் 233 கிலோ விடும். 88 விழுக்காட்டில் ஓடும் எரிவாயு பாய்லர் விடுவது சுமார் 161 கிலோ. ஆண்டு முழுமைக்கும் பார்த்தால் நிலக்கரியில் 3,070 டன், எரிவாயுவில் 1,550 டன். விற்பனையாளர் சொல்லும் பாதி என்பது இங்கே சரியாகவே இருக்கிறது. ஃபர்னஸ் ஆயிலிலிருந்து மாறினால் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். இதோடு, குளிர்ந்தால் இறுகிவிடும் ஃபர்னஸ் ஆயிலைச் சூடேற்றித் தெளிக்கச் செலவாகும் ஆற்றலும் மிச்சம். கந்தகப் புகையும் ஏறக்குறைய இல்லாமல் போகும்.

எல்பிஜியிலிருந்து மாறுபவருக்குக் கிடைப்பது 11 விழுக்காடு மட்டுமே. வாகனத் தொழிற்சாலைகளின் வண்ணப்பூச்சுப் பிரிவுகள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் குழாய் எரிவாயு விலையிலும் வசதியிலும் லாபமாக இருக்கலாம். அதைப் பெரிய காலநிலைச் சாதனையாக ஆண்டறிக்கையில் எழுதுவது சற்று மிகை.

குழாயில் கசியும் மீத்தேனைக் கணக்கில் சேர்த்தீர்களா?

மேலே உள்ளது புகைபோக்கிக் கணக்கு மட்டும். எரியாமல் காற்றில் கலக்கும் மீத்தேன், எடைக்கு எடை, நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் ஏறத்தாழ 30 மடங்கும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நம் எடுத்துக்காட்டு ஆலை ஆண்டுக்கு ஏறக்குறைய 550 டன் எரிவாயு எரிக்கிறது. கிணற்றிலிருந்து பர்னர் வரையிலான வழி முழுவதிலும் அதில் 1 விழுக்காடு, அதாவது ஐந்தரை டன், கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் 165 டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் இருபதாண்டுக் கணக்கில் சுமார் 450 டன்னுக்கும் சமம். நிலக்கரியை விட்டதால் மிச்சமானது 1,500 டன் என்பதால் இன்னும் லாபமே. கசிவு 3 விழுக்காட்டைத் தாண்டினால், இருபதாண்டுக் கணக்கில் அந்த லாபம் கிட்டத்தட்ட முழுவதும் கரைந்துவிடும்.

எல்பிஜியிலிருந்து மாறியவரின் நிலை இன்னும் மெல்லிய கயிற்றில் தொங்குகிறது. அவருடைய 11 விழுக்காட்டு லாபத்தை, அதே இருபதாண்டுக் கணக்கில், அரை விழுக்காட்டுக் கசிவே தின்றுவிடும். நியாயமாகச் சொன்னால் நிலக்கரிச் சுரங்கமும் மீத்தேன் விடுகிறது, எல்பிஜி வழியிலும் கசிவு உண்டு. ஆகவே இக்கணக்கு எரிவாயுவுக்குக் கொஞ்சம் கடுமையானது. மறுபக்கம், எரிவாயுவைத் திரவமாக்கவும் கப்பலில் கொண்டுவரவும் செலவாகும் ஆற்றல் இதில் சேரவில்லை. திரவமாக்குவதற்கே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எரிவாயு போய்விடும்.

ஆலை உரிமையாளரால் கத்தார்க் கிணற்றின் கசிவை அடைக்க முடியாது. தன் மதில் சுவருக்குள் இருக்கும் குழாய் இணைப்புகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கசிவுமானி வைத்துச் சோதிக்க முடியும். மூக்குக்குத் தெரியும் அளவுக்கு முன்னரே கருவிக்குத் தெரிந்துவிடும்.

நாங்கள் விறகு எரிக்கிறோம். நாங்களும் மாற வேண்டுமா?

கார்பன் காரணத்துக்காக மட்டும் என்றால், அவசரப்பட வேண்டாம். திருப்பூர், ஈரோட்டுப் பகுதிச் சாயப்பட்டறைகளில் விறகு பாய்லர்கள் நிறைய உள்ளன. மரம் எரிவதால் வரும் கார்பன் மீண்டும் மரம் வளர்ந்தால் உறிஞ்சப்படும் என்ற அடிப்படையில், உமிழ்வுக் கணக்கேடுகளில் அது புதைபடிவக் கார்பனோடு சேர்க்கப்படுவதில்லை. இத்தகைய ஆலை எரிவாயுவுக்கு மாறினால் ஏட்டில் உமிழ்வு கூடும். ஆனால் அந்த விறகு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி ஏட்டோடு முடிவதில்லை. காட்டுக்கருவேலமோ, தோட்டக் கழிவோ, தேங்காய் மட்டையோ என்றால் ஒன்று; வெட்டிய இடத்தில் மீண்டும் எதுவும் நடப்படாத மரம் என்றால் வேறு. தூசும் கரும்புகையும் தனிப் பிரச்சினை. பேட்டையைச் சுற்றிக் குடியிருப்பு நெருங்கிவிட்ட இடங்களில் அந்த ஒரு காரணத்துக்காகவே விறகை விடுவது தகும். அப்போது அதைக் காற்றுத் தூய்மைக்காகச் செய்ததாகச் சொல்ல வேண்டும். கார்பன் குறைப்பாக எழுதக் கூடாது.

எரிவாயுவைத் தாண்டி நேராக மின்சாரத்துக்கே போய்விட்டால் என்ன?

எல்லா இடத்திலும் நல்ல யோசனை இல்லை, சில இடங்களில் மிக நல்ல யோசனை. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஒரு டன் நீராவிக்கு மின் பாய்லர் 700 யூனிட்டுக்கு மேல் எடுக்கும். அது 500 கிலோவைத் தாண்டும் உமிழ்வு. அதாவது, தொகுப்பிலிருந்து வாங்கிய மின்சாரத்தில் ஓடும் மின் பாய்லர், இன்றைக்கு நிலக்கரி பாய்லரைவிடவும் மோசம். சொந்தக் காற்றாலையோ சூரியத் தகடுகளோ உள்ள ஆலைக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும்; காற்றாலையில் தமிழகம் முன்னோடி மாநிலம் என்பதால் இது வெறும் ஆசைக் கணக்கு அல்ல.

வெப்ப ஏற்றி எனப்படும் ஹீட் பம்ப் வேறு கதை. அது சுற்றுப்புறத்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீரில் ஏற்றுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் கிடைத்தால், தொகுப்பு மின்சாரத்திலேயே அதன் உமிழ்வு எரிவாயு பாய்லருக்கு அருகில் வந்துவிடும். மின்தொகுப்பு தூய்மையாகத் தூய்மையாக அது தானாகவே குறையும். எரிவாயு பாய்லரின் உமிழ்வோ இன்று உள்ளபடியே இருபது ஆண்டும் நிற்கும். 60 முதல் 80 டிகிரி வரை வெந்நீர் மட்டும் தேவைப்படும் கழுவுதல், சலவை, பால் பதப்படுத்துதல் போன்ற வேலைகளுக்காகப் புதிதாக ஒரு கேஸ் பாய்லர் வாங்குவது, என் பார்வையில், இன்றைய நிலையில் தவறான முதலீடு.

அப்படியானால் எரிவாயு யாருக்குத்தான் மிகவும் பயன்படும்?

உயர் வெப்பம் தேவைப்படுவோர்க்கு. கண்ணாடி உலை 1,500 டிகிரியில் இரவு பகல் அணையாமல் எரிகிறது; விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். ஓசூர், கோவை வட்டாரத்து உருக்கு அடிப்பு (ஃபோர்ஜிங்) ஆலைகள், வெப்பப் பதப்படுத்தும் உலைகள், அலுமினிய வார்ப்பு ஆலைகள் ஆகியவற்றுக்கும் மின்சார மாற்று உண்டு என்றாலும் எல்லா அளவுக்கும் எளிதல்ல. இங்கே டீசலையும் ஃபர்னஸ் ஆயிலையும் எரிவாயு விலக்குவது முழுப் பொருளுடைய மாற்றம். சுடரில் சாம்பலும் கரியும் இல்லாததால் பீங்கானின் மேற்பரப்பில் புள்ளி விழுவது குறைகிறது, வெப்பத்தைச் சில டிகிரி துல்லியத்தில் பிடிக்க முடிகிறது, வீணாகும் சரக்கு குறைகிறது. கழிவாகும் சரக்கு குறைவதும் கார்பன் குறைவதுதான்.

இரண்டாவது வகை, எரிவாயுவை எரிபொருளாக மட்டுமன்றி மூலப்பொருளாகவும் பயன்படுத்துவோர். யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜனை மணலி மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், தூத்துக்குடி ஸ்பிக் ஆலைகள் நீண்ட காலம் நாப்தா என்னும் பெட்ரோலிய எண்ணெயிலிருந்து எடுத்தன. மணலி ஆலை 2019-இல் எண்ணூர் எரிவாயுவுக்கு மாறியது. தூத்துக்குடிக்குக் குழாய் வந்தபின் ஸ்பிக்கும் மாறியது. மீத்தேனில் கார்பனுக்கு ஹைட்ரஜன் விகிதம் நாப்தாவைவிட மிகுதி. அதே அளவு உரத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு குறைவாகவே பிறக்கும்.

மாற்றுவதற்கு ஆலைக்குள் என்னென்ன வேலை நடக்கும்?

வாசலருகே அழுத்தம் குறைத்து அளக்கும் ஒரு சிறு நிலையம் அமைக்கப்படும். பெரிய ஆலைக்கு எஃகுக் குழாயும் சிறிய ஆலைக்கு நிலத்தடி பாலிஎத்திலீன் குழாயும் வரும். அங்கிருந்து பர்னர்வரை உள்ளகக் குழாய், அதன் முனையில் வடிகட்டி, ரெகுலேட்டர், அழுத்தம் எகிறினால் சட்டென அடைக்கும் வால்வு, அடுத்தடுத்து மின்காந்தத்தால் இயங்கும் இரண்டு சோலினாய்டு வால்வுகள் ஆகியவை ஒரே வரிசையில் இருக்கும். நல்ல நிலையில் உள்ள எண்ணெய் பாய்லருக்குப் பெரும்பாலும் பர்னரை மட்டும் மாற்றினால் போதும். விறகு, நிலக்கரி பாய்லர்களின் உலை அமைப்பே வேறு என்பதால் பாய்லரையே மாற்றுவதுதான் பல இடங்களில் முடிவாகிறது.

புதிய பர்னரின் முன்னால் ஒருமுறை நின்று பாருங்கள். பொத்தானை அழுத்தியதும் சுடர் வராது. முதலில் விசிறி மட்டும் ஓடி, உலைக்குள் முன்பு தேங்கியது எதுவானாலும் வெளியேற்றும். பிறகு இரண்டு வால்வுகளுக்கும் இடையில் உள்ள அழுத்தத்தைப் பார்த்து அவை கசியவில்லை என்று இயந்திரம் தானே உறுதி செய்யும். அதன் பின்னரே சிறு சுடர். அந்தச் சுடரைச் சுடர் உணரி பார்க்காவிட்டால் சில விநாடிகளில் வால்வு மூடிக்கொள்ளும். உற்பத்தி அவசரத்தில் அந்த உணரியை ஏமாற்றி ஓட்டத் தெரிந்த ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள்; அந்தக் கெட்டிக்காரத்தனத்தை முதல் நாளே தடுக்க வேண்டும்.

இன்னொன்று. எரிவாயுவின் சுடர் எண்ணெய்ச் சுடரைப்போல் மஞ்சளாக ஒளிராது. ஆகவே உலைச் சுவரில் கதிர்வீச்சாகப் பாயும் வெப்பம் குறைந்து, புகையோடு வெளியேறும் வெப்பம் கூடும். அதைத் திரும்பப் பிடிக்க எகனாமைசர் வைக்காவிட்டால் 88 விழுக்காடு என்பது விளம்பரத் தாளிலேயே நின்றுவிடும்.

விலை எப்படி? நிலையாக இருக்குமா?

நிலையாக இருக்காது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே நல்லது. வீட்டுச் சமையலுக்கும் வாகன சிஎன்ஜிக்கும்தான் விலை வரம்பு விதிக்கப்பட்ட உள்நாட்டு எரிவாயுவில் முன்னுரிமை. ஆலைகளுக்கு வருவதில் பெரும்பகுதி இறக்குமதி. ஆசியச் சந்தையில், நீண்டகால ஒப்பந்தமின்றி உடனடியாக விற்கும் எல்என்ஜியின் விலை 2020 ஏப்ரலில் ஒரு மில்லியன் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 2 டாலருக்கும் கீழே விழுந்தது. உக்ரைன் போர் தொடங்கிய 2022-இல் 60 டாலரைத் தாண்டியது. குஜராத்தின் மோர்பி பீங்கான் தொழிலில் இது என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். நிலக்கரியிலிருந்து வாயு தயாரிக்கும் கலன்களை மூடச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் உத்தரவிட்டதும், நூற்றுக்கணக்கான ஆலைகள் குழாய் எரிவாயுவுக்கு மாறின. விலை எகிறியபோது அவற்றில் பல புரொப்பேனுக்குத் தாவின. மாற்று எரிபொருள் வசதியைப் பிடுங்கி எறியாமல் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். முதலாவது, குறைந்தபட்சக் கொள்முதல் உறுதி: எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒப்புக்கொண்ட அளவில் பெரும்பங்குக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். பருவத்துக்குப் பருவம் ஆர்டர் ஏறி இறங்கும் தொழிலுக்கு இது கழுத்தைப் பிடிக்கும். இரண்டாவது, விலை எந்தக் குறியீட்டோடு கட்டப்பட்டிருக்கிறது, கச்சா எண்ணெயோடா, டாலரோடா என்பது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. எரிவாயுவுக்கு ரசீது போடுவது மொத்த வெப்ப மதிப்பில், அதாவது புகையில் நீராவியாகப் போகும் வெப்பத்தையும் சேர்த்து. பர்னர்க்காரர் சொல்லும் செயல்திறன் நிகர வெப்ப மதிப்பில், அதாவது அதைக் கழித்து. இரண்டுக்கும் 10 விழுக்காடு வித்தியாசம் இருப்பதால், இதைச் சரிப்படுத்தாமல் போட்ட மிச்சக் கணக்குகள் முதல் ஆண்டு முடிவில் பொய்த்துப்போகின்றன. இயற்கை எரிவாயு இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை என்பதால், கட்டிய மாநில வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழாய் வெடிக்காதா?

காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் மீத்தேன் தீப்பற்றும். கூடினாலும் குறைந்தாலும் பற்றாது. மணமற்ற வாயுவில் நாற்றத்துக்காகக் கந்தகச் சேர்மம் கலக்கிறார்கள். இவையெல்லாம் அபாயத்தைக் குறைப்பவை, இல்லாமலாக்குபவை அல்ல. ஆந்திரத்தின் அன்றைய கிழக்குக் கோதாவரி மாவட்டம் நகரம் என்னும் ஊரில் 2014 ஜூன் 27 அன்று குழாய் கசிந்து தீப்பிடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்காகப் போட்ட குழாயில் ஈரமுள்ள வாயு சென்றதும், அதனால் உள்ளே அரிப்பு ஏற்பட்டதும் காரணமாகக் கண்டறியப்பட்டன. குழாய்த் தடத்தில் வாழ்பவர்கள் ஆய்வு அறிக்கை கேட்பதைத் தொந்தரவாக எண்ணுவது தவறு. ஆலைக்குள்ளே மேற்கூரையை ஒட்டிக் காற்றுப்போக்கு வைப்பது கட்டாயம்; எல்பிஜிக்காகத் தரையோரம் வைத்த கசிவுமானிகள் மீத்தேனைப் பிடிக்காது.

விளைநிலத்தின் வழியே குழாய் போவதை எதிர்க்கும் விவசாயிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?

இருக்கிறது. குழாய்த் தடங்களுக்கான 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, பயன்பாட்டு உரிமை மட்டும் எடுக்கப்படுகிறது. அதற்கு ஈடு நிலத்தின் சந்தை மதிப்பில் பத்தில் ஒரு பங்கு, கூடவே பயிர்ச் சேதத்துக்கான தொகை. ஆனால் அந்தத் தடத்தில் அதன்பின் கிணறு வெட்டக் கூடாது, கட்டடம் கட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. தென்னந்தோப்புக்காரருக்கு இது நிலத்தையே இழப்பதற்கு அருகில்தான். கொச்சி–பெங்களூருக் குழாயை எதிர்த்து மேற்கு மாவட்டங்களில் 2013-இல் நடந்த போராட்டத்தையடுத்து மாநில அரசு வேலையை நிறுத்தச் சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின்னும் குழாய் எளிதில் நகரவில்லை. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோனால் செலவு கூடும் என்பது உண்மையே. அந்தச் செலவை எரிவாயு வாங்கும் ஆலைகள் விலையில் ஏற்பது, சிறு விவசாயி தலையில் சுமத்துவதைவிட நேர்மையானது.

இதைக் காவிரிப் படுகையில் புதிய கிணறு தோண்டும் விவகாரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். டெல்டாப் பகுதியில் புதிய ஹைட்ரோகார்பன் துரப்பணத்தை 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடை செய்கிறது. வேறெங்கிருந்தோ வரும் எரிவாயுவைக் கொண்டுசெல்லும் குழாய் தனி விஷயம்.

எங்கள் பேட்டைக்கு இன்னும் குழாய் வரவில்லை. காத்திருக்க வேண்டுமா?

அழுத்தப்பட்ட எரிவாயுவை உருளைத் தொகுதிகளாக லாரியில் ஏற்றிவந்து ஆலை வளாகத்தில் இறக்கும் முறை உண்டு. தேவை பெரிதானால் எல்என்ஜி டேங்கரும் வரும். இரண்டிலும் விலை கூடுதல். குழாய் அடுத்த ஆண்டு வரும் என்று எழுத்தில் உறுதி இருந்தால் இடைக்கால ஏற்பாடாக இது சரி.

உமிழ்வு குறைந்ததற்கு ஏதாவது சான்றோ வருமானமோ கிடைக்குமா?

ஏற்றுமதி ஆலைகளுக்கு, வாங்கும் நிறுவனம் கேட்கும் நேரடி உமிழ்வுக் கணக்கில் இது உடனே தெரியும். மீட்டர் வாசிப்பும் ரசீதுமே சான்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி இப்போதைக்கு இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கே, ஆடைகளுக்கு இல்லை. இந்தியாவின் கார்பன் வரவு (உமிழ்வைக் குறைத்ததற்கான விற்கத்தக்க சான்று) வர்த்தகத் திட்டத்தில் ஜவுளி, காகிதம், சிமென்ட் முதலிய துறைகள் இருந்தாலும், இலக்கு விதிக்கப்படுவது பெரிய ஆலைகளுக்குத்தான். சிறு பாய்லர் வைத்திருப்பவரிடம் கார்பன் வரவு விற்றுத் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இப்போது பணம் போட்டு, பதினைந்து ஆண்டில் எரிவாயுவும் வேண்டாம் என்றாகிவிட்டால்?

இந்தப் பயம் சரியானது. குழாயில் சாண எரிவாயுவைச் சுத்தம் செய்து கலக்கலாம்; அதுவும் மீத்தேன்தான் என்பதால் பர்னருக்கு வித்தியாசம் தெரியாது. கோழிக்கழிவும் சர்க்கரை ஆலைச் சக்கைச் சேறும் கொண்டு நாமக்கல்லை அடுத்த புதுச்சத்திரத்தில் இப்படி எரிவாயு எடுக்கப்படுகிறது. ஆனால் இதைக் கலக்க வேண்டும் என்று அரசு வகுத்துள்ள கட்டாயம் வாகன எரிவாயுவையும் வீட்டு எரிவாயுவையும் குறித்தது. 2025-26-இல் 1 விழுக்காட்டில் தொடங்கி 2028-29-இல் 5 விழுக்காட்டைத் தொடுவது. ஆலைக்குப் பங்கு வர நாளாகும். ஹைட்ரஜன் கலப்பைப் பற்றிப் பெரிதாகப் பேசப்படுகிறது. ஹைட்ரஜனுக்குக் கன அளவில் மீத்தேனின் மூன்றில் ஒரு பங்கு வெப்பமே என்பதால், 20 விழுக்காடு கலந்தாலும் கார்பன் ஏழு விழுக்காடு அளவிலேயே குறையும். பர்னரை வாங்கும்போது எத்தனை விழுக்காடு வரை தாங்கும் என்று கேட்டு எழுதி வாங்குவது போதுமானது. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

விண்ணப்பிக்கும்முன் என்ன தயாராக இருக்க வேண்டும்?

பன்னிரண்டு மாத எரிபொருள் ரசீதுகள், பாய்லர் அல்லது உலையின் மணிவாரி ஓட்டப் பதிவு, வேலையில்லாத நாள்களின் பட்டியல். இவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காப்பிடாத நீராவி வால்வுகள், திறந்தபடி சிக்கிக்கொண்ட நீராவிப் பொறிகள் (ஸ்டீம் ட்ராப்), நீராவி குளிர்ந்து சாக்கடைக்குப் போகும் சூடான நீர் ஆகியவற்றை முதலில் சரிசெய்துவிட்டு, அதன்பின் ஒரு மாதம் அளந்து பார்த்து அந்த அளவைக் கொண்டு தினசரி ஒப்பந்த அளவை முடிவு செய்யுங்கள். நம் எடுத்துக்காட்டு ஆலைக்கு அது நாளொன்றுக்குச் சுமார் 2,600 கன மீட்டர். ஓட்டைகளோடு அளந்து 3,000 என்று கையெழுத்துப் போட்டவர், பின்னால் ஓட்டையை அடைத்தாலும், அந்த மிச்சத்தில் ஒரு பகுதிக்கு ஒப்பந்தம் முடியும்வரை பணம் கட்டிக்கொண்டிருப்பார்.